காணப்பட்டது

இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு நான் பிற்பாடு மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துச் சேர்த்துக்கொண்டது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. விசாரணை நடந்த அறையின் ஜன்னல் கதவு பச்சையா சாம்பல் நிறமா என்பதில்கூட எனக்குச் சந்தேகம்தான். ஆனால் மேசைமேல் இருந்த தண்ணீர்க் கூஜாவின் மூடி சரியாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது நன்றாக நினைவிருக்கிறது. முப்பத்தாறு வருஷமாக அந்த மூடியை மனத்துக்குள் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

என் நாத்தனாரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச்சொல்லி ஆய்வுக்கூடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். நினைவு மலர் போடுகிறார்களாம். ‘குடும்பத்தினர் பார்வையில்’ என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கத்தில் நிற்கும் என்று தோன்றவில்லை. இதை அவர்களுக்கு அனுப்புவேனா என்றும் இன்னும் முடிவு செய்யவில்லை.

அவள் என் கணவரின் தங்கை. வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். சின்ன வயதிலிருந்தே எதையும் மூக்குக்கு நேரே கொண்டுவந்து பார்க்காமல் நம்பமாட்டாள் என்பதால் அண்ணன் வைத்த பெயர் அது. அண்ணனுக்கு நேர் எதிர்க் குணம். மழை வருமா, பக்கத்து வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்துவிட்டாரா, எது கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்.

"யாரு கண்டா?"

தங்கை உடனே எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். "நான் கண்டேன். வந்துட்டார். செருப்பு வாசல்ல கிடக்கு."

இந்த ஒரே வேடிக்கை எங்கள் வீட்டில் பல வருஷம் ஓடியது. யாருக்கும் அலுக்கவில்லை.

சுகாதார ஆய்வுக்கூடத்தில் நான் தட்டச்சர். எனக்கு நாலு வருஷம் கழித்து அவள் அங்கே வேலைக்கு வந்தாள். அந்த ஆய்வுக்கூடத்தின் முதல் பெண் விஞ்ஞானி என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. ‘அந்தப் புதுப் பொண்ணு’ என்றார்கள். வீட்டில் நான் அவளை நீ என்பேன், அவள் என்னை நீங்க என்பாள். ஆபீஸ் வாசலைத் தாண்டியதும் நான் அவளை மேடம் என்று கூப்பிட வேண்டும். சாயங்காலம் படி இறங்கியதும் மறுபடி நீ. முதல் மாதம் தினமும் அந்தப் படியில் நின்று இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம்.

அவளுக்குக் கொடுத்த அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. முன்பு காலி பாட்டில்கள் போட்டுவைத்த இடம். யாராவது படியில் ஏறி இறங்கினால் நுண்ணோக்கிக்குள் எல்லாம் நடுங்கும். அதனால் காலடிச் சத்தம் கேட்டதும் கண்ணை எடுத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். யார் இறங்க எவ்வளவு நேரமாகும் என்பது அவளுக்கு அத்துப்படி. இயக்குநர் எட்டு நொடி. பெரிய கிளார்க்குக்கு முட்டிவலி, அவருக்குப் பதினைந்து நொடி. அது முடிந்ததும் எதுவும் நடக்காததுபோல மறுபடி குனிந்துகொள்வாள். புகார் சொல்லி நான் கேட்டதில்லை.

அவளுடைய நோட்டில் ஒரு பழக்கம் இருந்தது. வாக்கியத்துக்கு இரண்டே முடிவுகள். தன் கண்ணால் கண்டது என்றால் ‘பார்த்தேன்’ என்று முடிப்பாள். பிறர் சொன்னது என்றால் ‘சொன்னார்கள்’ என்று முடிப்பாள். ‘தெரிகிறது’, ‘இருக்கலாம்’ எல்லாம் கிடையாது. ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். பின்னால் தப்பு என்று தெரிந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டாமா என்றாள்.

எனக்கும் என் தொழிலில் ஒரு கர்வம் இருந்தது. யார் எப்படிக் கிறுக்கிக் கொடுத்தாலும் என் மெஷினிலிருந்து வெளியே வரும்போது அது இஸ்திரி போட்ட சட்டைமாதிரி இருக்கும். கடிதம் கிடைத்தது என்று எழுதிக் கொடுத்தால் ‘கடிதம் பெறப்பட்டது’ என்று அடிப்பேன். அனுப்பினேன் என்றால் ‘அனுப்பப்பட்டது’. செய்தவர் பெயர் போய், செய்தது மட்டும் மிடுக்காக நிற்கும். பெரிய கிளார்க் எனக்குக் கற்றுக்கொடுத்த நடை அது. ‘பார்த்தேன்’ என்ற சொல் ஓர் அறிக்கையில் வருவது, ஒருவர் சட்டை போடாமல் கூட்டத்துக்கு வந்து நிற்பதுபோல எனக்குக் கூச்சமாக இருக்கும்.

என் மகளுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தபோதுதான் அது ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதம் இருக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு சுருண்டு படுத்தாள். முகம் வெளுத்தது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த குழந்தை எழுத்துகளை மாற்றி எழுதியது. வைத்தியர் வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுத்தார். மூன்று முறை கொடுத்தார். வகுப்பில் பாதிப் பேருக்கு வயிற்றுவலி என்று மகள் சொன்னபோது, பள்ளிக்கூடம் போகாமலிருக்கச் சாக்கு என்று என் கணவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் நாத்தனார் குழந்தையை ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போய் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறில் பல் ஓரமாக மெல்லிய நீலக் கோடு ஓடியது. எங்கள் கண்ணுக்கு அத்தனை நாள் படாத கோடு. பிறகு விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்து, விசிறிக் காயவைத்தாள். மூன்று துண்டு. குழந்தை அழவில்லை. ரத்தத்தை போட்டோ பிடிக்கப்போவதாக அத்தை சொல்லியிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் என் மேசைக்கு வந்து நின்றாள். ஆபீஸில் என்னை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு முறைதான்.

"அண்ணி, ஒரு நிமிஷம் கீழ வாங்க."

நுண்ணோக்கியில் எனக்கு முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. அவள் என் தலையைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தினாள். அப்புறம் தெரிந்தது. இளஞ்சிவப்பில் வட்ட வட்டமாக அணுக்கள். சிலவற்றின்மேல் மட்டும், பேனாவை உதறியதுபோலப் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரோ படியிறங்கினார்கள். என் மகளின் ரத்தம் நடுங்கியது.

"இது பூச்சி இல்ல அண்ணி," என்றாள். "காரீயம்."

அடுத்த பத்து நாள் அவள் தெருத்தெருவாக அலைந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் நாற்பத்தொரு பேரின் விரலில் குத்தினாள். இருபத்தொன்பது பேருக்கு நீலப் புள்ளி. பள்ளிக்கூடத்தில் குடிதண்ணீருக்கு ஒரு பெரிய பித்தளை அண்டா வைத்திருந்தார்கள். விடுமுறையில் அதற்கு உள்ளே புதிதாக ஈயம் பூசியிருந்தார்கள். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று அதில் எலுமிச்சம்பழம் வேறு பிழிந்துவைத்தார்கள். ஈயம் பூசினால் பாத்திரத்துக்கு நல்லதுதானே என்று நான் கேட்டேன். ஊரே அப்படித்தான் நினைத்தது. நம் வாயில் ஈயம் என்ற சொல் ஒன்றுதான், ஆனால் பொருள் இரண்டு என்றாள் அவள். வெள்ளீயம் பூசினால் நல்லது. அதில் காரீயத்தைக் கலந்து பூசினால், புளிப்பு பட்டதும் கரைந்து தண்ணீரோடு உள்ளே போகும். அண்டாவின் உள்பூச்சைச் சுரண்டி, அமிலத்தில் கரைத்து, ஒரு மருந்தை விட்டுக் காட்டினாள். குழாய்க்குள் பளீரென்று மஞ்சள் இறங்கியது.

தலைமையாசிரியை வாய்ச்சொல்லுக்கு அசைகிறவர் இல்லை. மேலிடத்து உத்தரவு வந்தால்தான் அண்டாவை எடுப்பேன் என்றுவிட்டார். மேலிடத்துக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து அறிக்கை போக வேண்டும். அவள் ஒரே மூச்சில் பதினொரு பக்கம் எழுதி என் மேசையில் வைத்துவிட்டு, மறுபடி குழந்தைகளைப் பார்க்கப் போனாள்.

அன்று மத்தியானம் அதை நான் அடித்தேன். ‘பார்த்தேன்’ என்று பதினேழு இடத்தில் இருந்தது. பதினேழு இடத்திலும் ‘காணப்பட்டது’ என்று மாற்றினேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன். என் நாத்தனாரின் முதல் பெரிய அறிக்கை, மேலிடத்துக்குப் போகிறது, கண்ணியமாகப் போகட்டும் என்று நினைத்தேன். அடித்து முடித்ததும், கையெழுத்துப் பிரதியை வழக்கம்போல நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டேன். அடித்த பிறகு மூலப்பிரதி மேசையில் கிடக்கக்கூடாது என்பது பெரிய கிளார்க்கின் சட்டம்.

அவள் வந்து நின்றபடியே படித்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"எல்லாம் இருக்கு. யாரு பாத்தாங்கன்னு மட்டும் காணோமே."

அதுதான் முறை மேடம் என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் இருந்தார்கள். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சரி, போகட்டும். திருப்பி அடிச்சா ஒரு நாள் போயிடும். அதுங்க இன்னொரு நாள் அந்தத் தண்ணியக் குடிக்கும்."

அறிக்கை மாடிக்குப் போயிற்று. வெளியே போகிற எந்த அறிக்கையிலும் இயக்குநரின் கையெழுத்து மட்டும்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடித்தாயா என்று கேட்டால் இல்லை. தெரியாமலா என்று கேட்டால் அதுவும் இல்லை. கை பழகிய வழியில் போயிற்று.

நாலு நாளில் அண்டாவை எடுத்தார்கள். குழந்தைகள் மெல்ல மெல்லத் தேறின. என் மகள் இரண்டு மாதத்தில் எழுந்து ஓட ஆரம்பித்தாள். எழுத்துகள் இடத்துக்குத் திரும்பின. அந்தச் சமயத்தில்தான் பத்திரிகையில் வந்தது, இயக்குநர் நோயின் காரணத்தைக் கண்டுபிடித்தார் என்று. நுண்ணோக்கி பக்கத்தில் அவர் நிற்கிற படமும் வந்தது. அவர் பொய்யே சொல்லவில்லை என்று இன்றும் நினைக்கிறேன். கேட்டவர்களிடம் ‘எங்கள் ஆய்வுக்கூடத்தில் காணப்பட்டது’ என்றுதான் சொல்லியிருப்பார். மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொண்டிருப்பார்கள். அவர் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

என் கணவர் பத்திரிகையை மடித்துவிட்டுச் சொன்னார், "நீ கண்ட, அவர் பிடிச்சார். கண்டுபிடிப்புல ஆளுக்குப் பாதி." எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பத்திரிகைக்காக அவள் வருத்தப்படவில்லை என்பதற்கு நான் சாட்சி.

வருத்தம் அடுத்த வருஷம் வந்தது. காரீய நோய்க்கென்று ஆய்வுக்கூடத்தில் தனிப் பிரிவு தொடங்க அனுமதி வந்தது. மாடியில் மூன்று அறை, புது நுண்ணோக்கி, ஊர் ஊராகப் போய்ப் பாத்திரங்களைச் சோதிக்க ஒரு வண்டி. அதற்குத் தலைவராக, வெளியிலிருந்து ஒருவரை இயக்குநர் தேர்ந்தெடுத்தார். அந்த மனிதர் அதுவரை ஒரு நீலப் புள்ளியைக்கூடப் பார்த்ததில்லை. அவள் அவருக்கு உதவியாளராக, படிக்குக் கீழேயே இருக்கலாம் என்று உத்தரவு வந்தது. அந்தப் பிரிவுக்காக அவள் போட்டுவைத்திருந்த திட்டம் ஒரு தடித்த நோட்டு நிறைய இருந்தது. எந்தத் தெருவில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை அண்டா, யார் யார் பூச்சு வேலைக்காரர்கள் என்று எல்லாம் எழுதியிருந்தாள். புதியவர் வந்தால் அதெல்லாம் ஒப்புக்கு நடக்கும், குழந்தைகள் பூச்சி மருந்து குடித்துக்கொண்டே இருக்கும் என்றாள். வாழ்நாளில் முதல்முறையாக ஓர் ஆட்சேபக் கடிதம் எழுதினாள். என்னிடம் அடிக்கக் கொடுக்கவில்லை. கையாலேயே எழுதி அனுப்பினாள். நீலப் புள்ளிகளை முதலில் பார்த்தவள் நான், அதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இரண்டே வரி.

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வந்தது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அவள் தன் நோட்டைக் கொடுத்தாள். இயக்குநர் அமைதியாக ஒரு கேள்வி கேட்டாராம். அதிகாரி சொல்லச் சொல்ல உதவியாளர் நோட்டில் எழுதுவது எந்த ஆய்வுக்கூடத்திலும் நடப்பதுதான். முதலில் பார்த்தது இவர்தான் என்றால் அறிக்கையில் ஏன் ஒரு இடத்தில்கூட ‘பார்த்தேன்’ என்று இல்லை? நான் எழுதியிருந்தேன், அடிக்கும்போது மாறிவிட்டது என்று அவள் சொன்னாள். அப்படியானால் தட்டச்சரைக் கேட்டுவிடலாம் என்றார் நீதிபதி.

எல்லாம் சுற்றி வந்து என் தலையில் உட்கார்ந்தது இப்படித்தான்.

நான் சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் பெரிய கிளார்க் என் மேசைக்கு வந்தார். என்னை வேலையில் வளர்த்துவிட்டவர். என் கணவரின் இருமல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். என் கணவர் அச்சகத்து வேலையை நெஞ்சுநோயால் விட்டு அப்போது இரண்டு வருஷம். அப்புறம் பெரிய கிளார்க், நாங்கள் இருந்த ஆபீஸ் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார்களா என்று கேட்டார். வீடு என் வேலையின் பேரில் கொடுத்தது. இன்னும் வரவில்லை என்றேன். சொல்லி அனுப்புகிறேன் என்றார். போகும்போது, "எல்லாருக்கும் நல்லவிதமா முடிஞ்சா நல்லதும்மா," என்றார். அவ்வளவுதான். அதை மிரட்டல் என்று எந்தக் குழுவிலும் நிரூபிக்க முடியாது. மிரட்டல்தானா என்று எனக்கே தெரியாது. ஆனால் அன்று மீதி நேரம் முழுக்க எனக்கு விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை, ஆபீஸ் வாசல்படி ஏறுவதற்கு முன்னால் நின்று சொன்னாள். "நடந்ததச் சொல்லுங்க அண்ணி. அது போதும்."

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில், கண்ணாடித் துண்டு கழுவுகிற பெரியவர் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். சனிக்கிழமை சனிக்கிழமை எல்லாத் துண்டுகளையும் கழுவி அடுக்குவது அவர் வேலை. என் மகளின் மூன்று துண்டுகளை மட்டும் கழுவ வேண்டாம் என்று அவள் அன்றைக்கே சொல்லியிருந்தாள். யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது எல்லாம் அவருக்குத் தெரியும். கேட்டால் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை. சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

உள்ளே நீண்ட மேசை. மூன்று பேர். ஒரு ஓரத்தில் இயக்குநர், எதிர் ஓரத்தில் அவள். நடுவில் அந்தக் கூஜா. நீதிபதி நல்லவர். என்னை உட்காரச் சொன்னார். அறிக்கையை நீங்கள்தானே அடித்தது என்றார். ஆமாம் என்றேன். மூலப்பிரதி எங்கே என்றார். கிழித்துவிட்டேன் என்றேன். ஏன் என்றார். அதுதான் சட்டம் என்றேன். அதில் என்ன எழுதியிருந்தது என்றார். அதற்கு நான் நீளமாக ஏதோ சொன்னேன். ஆபீஸ் நடையைப் பற்றி, பெறப்பட்டது அனுப்பப்பட்டது பற்றியெல்லாம். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கையை உயர்த்தினார்.

"சுத்திவளைக்க வேண்டாம்மா. இந்த நீலப் புள்ளிய முதல்ல யார் கண்டது?"

நான் வாயைத் திறந்தேன்.

"யார் கண்டது..." என்றேன்.

கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லும்படி பள்ளிக்கூடத்தில் எங்களைப் பழக்கியிருந்தார்கள். ‘யார் கண்டது என்றால், என் நாத்தனார்தான்; என் மகளின் ரத்தத்தில்; நானும் பக்கத்தில் நின்றேன்’ என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன். அப்படித்தான் நினைவு. ஆனால் வேறு மாதிரியும் நினைவிருக்கிறது. என் கணவர் வாயில் தினமும் கேட்டுக் கேட்டுப் பழகியது, கையை விரித்துவிடுகிற அந்தச் சொல், பயத்தில் தானாக வந்து விழுந்ததுபோலவும் இருக்கிறது. இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான். குரலில்தான் வித்தியாசம். என் குரல் அன்று எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை.

குழுவில் ஒருவர் சிரித்தார். "சரிதான், யார் கண்டது," என்று இன்னொருவர் தலையாட்டினார். நீதிபதியும் சிரித்துவிட்டார். இயக்குநர் மெல்லப் புன்னகைத்தார். குறிப்பெழுதுகிறவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

அவள் சிரிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். யாரோ படியிறங்கி முடிக்கட்டும் என்று காத்திருக்கிற பார்வை. சிரிப்பு அடங்க எட்டு நொடி ஆகியிருக்கலாம், பதினைந்து நொடி ஆகியிருக்கலாம். அதற்குப் பிறகும் இடம் இருந்தது. நான் கூஜாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகலாம் என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் நடந்து வீட்டுக்கு வந்தோம். கடைத்தெருவைக் கடந்தோம். பாலம் தாண்டினோம். எங்கள் தெரு திரும்புகிற இடத்தில் நின்றாள்.

"அண்ணி, நீங்க கேட்டீங்களா, சொன்னீங்களா?"

கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்பதுபோலக் கேட்டாள். தெரியலம்மா என்றேன். விசாரணைக் குறிப்பை இன்னும் எழுதி முடிக்கவில்லையே, நாளைக்குப் போய்ச் சரியாகச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் நான் போகத் தேவையில்லாமல் அதுவே என்னைத் தேடி வந்தது. விசாரணைக் குறிப்பு அடிப்பதற்காக என் மேசைக்கு வந்தது. ஆபீஸில் ஒரே தட்டச்சர் நான்தான். என்னைப் பற்றிய குறிப்பையும் நான்தான் அடிக்க வேண்டும் என்பது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை. ஆறாம் பக்கத்தில் இருந்தது. ‘முதலில் கண்டவர் யாரெனத் தெரியாது என்று தட்டச்சரால் கூறப்பட்டது.’

பேனாவை எடுத்து ஓரத்தில் ஒரு வரி எழுதி நீதிபதிக்குத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அதற்கு வழி இருந்தது. அல்லது அவளுடைய பதினேழு சொல்லை யாரையும் கேட்காமல் மாற்றியதுபோல, இந்த ஒன்றையும் மாற்றி அடித்துவிட்டு வந்தது வரட்டும் என்று இருந்திருக்கலாம். பெரிய கிளார்க் அன்று என் பக்கமே வரவில்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையடிக்கிற ஆட்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு எங்கள் குடியிருப்புப் பக்கமாகப் போனார்கள்.

இருந்தபடியே அடித்தேன். மூலப்பிரதியை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவளுக்கு ஒரு பிரதி வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து முழுக்கப் படித்தாள். ஆறாம் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒழுங்காக அடுக்கி உறைக்குள் வைத்தாள்.

"தப்பே இல்லாம அடிச்சிருக்கீங்க," என்றாள்.

என் கணவர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை அண்ணா என்றாள். அவருக்கு நான் கடைசிவரை முழுதாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ‘யாரு கண்டா’ என்று சொன்னதாக நினைவில்லை. அவராகவே விட்டுவிட்டார். காரணம் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவள் வேலையை விட்டாள். வேறொரு ஊரில், நகராட்சித் தண்ணீர்ச் சோதனை அறையில் இடம் கிடைத்தது. அவள் போகிற அன்று குழந்தை அழுதது. என்னிடம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணி என்றாள். அந்த மரியாதை ஒருநாளும் குறையவில்லை. குறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும்.

அவள் இறந்த பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மெஷினில் அடிக்கவில்லை. கையால் எழுதினேன். மூலப்பிரதியில் பதினேழு இடத்தில் ‘பார்த்தேன்’ என்று இருந்தது, மாற்றியவள் நான், நீலப் புள்ளியை முதலில் பார்த்தவள் அவள், இரண்டாவதாகப் பார்த்தவள் நான் என்று எழுதினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. ‘தங்கள் கடிதம் பெறப்பட்டது. கோப்பில் சேர்க்கப்பட்டது.’ நல்ல தட்டச்சு. ஒரு பிழை இல்லை.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்றும் எழுதிவிடுகிறேன். இயக்குநர் பெரிய பதவிகளுக்குப் போய் ஓய்வுபெற்று, தூக்கத்தில் இறந்தார். வெளியிலிருந்து வந்த பிரிவுத் தலைவர் ஒன்றரை வருஷத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். பிரிவை மூடிவிட்டார்கள். பெரிய கிளார்க் முட்டி அறுவை செய்துகொண்டு மகனோடு இருக்கிறார், யாரையும் அடையாளம் தெரிவதில்லை. கண்ணாடித் துண்டு கழுவுகிற பெரியவர் அந்த மூன்று துண்டுகளையும் ஒரு தகர டப்பாவில் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து நின்றார். பிறகு அவரைப் பற்றித் தெரியவில்லை.

என் நாத்தனார் அந்த ஊரில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். பள்ளி ஆசிரியர்களே ஐந்து நிமிஷத்தில் செய்து பார்க்கக்கூடிய மஞ்சள் சோதனை ஒன்றை உருவாக்கினாள். பூச்சு வேலைக்காரர்களை ஜெயிலுக்கு அனுப்பாமல், உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அவள் சோதித்த அண்டாக்கள் பதினோராயிரத்துக்கு மேல் என்று மலர்க் குழுவினர் சொல்கிறார்கள். அவளுடைய கட்டுரைகள் எல்லாம் ‘பார்த்தேன்’ என்றே முடியும் என்றும், அது விசித்திரமாக இருப்பதாகவும் சொன்னார்கள். கடைசிவரை அவள் தனியாகவே இருந்தாள். மாதம் ஒரு கடிதம் என் மகளுக்கு எழுதுவாள். அதில் கடைசி வரி எனக்கு. நலமா என்று கேட்டிருப்பாள்.

என் கணவர் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். ஆபீஸ் வீட்டை நான் ஓய்வுபெற்ற மாதமே காலிசெய்து கொடுத்துவிட்டோம். இப்போது அந்த வரிசையையே இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். ஆய்வுக்கூடத்து மாடிப்படிக்குக் கீழே ஒரு கல் பதித்திருக்கிறார்கள். காரீய நோய் இங்கே காணப்பட்டது என்று அதில் இருக்கிறது. மகளுக்கு நாற்பத்துநாலு வயது ஆகிறது. திடமாக இருக்கிறாள்.